விலை உயர்ந்த பிரேக்கைக் கழற்றி இரும்பு டிஸ்க் மாட்டுவது ஏன்? சூப்பர் கார்களின் தலைகீழ் 'அப்கிரேடு'

போர்ஷே 911 ஜிடி3 வாங்குபவர்கள் இரண்டு வகை பிரேக்குகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். காரோடு வழக்கமாக வருவது இரும்பு டிஸ்க். கூடுதலாகப் பணம் கட்டினால் கார்பன்-செராமிக் டிஸ்க். முந்தைய 991 தலைமுறை மாடலில், அமெரிக்காவில் இந்த ஒரு ஆப்ஷனுக்கு மட்டும் சுமார் 9,000 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 8 லட்சம் ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு ஹேட்ச்பேக் காரே வாங்கிவிடலாம்.

இவ்வளவு கொடுத்து வாங்கிய பிரேக்கை, கொஞ்ச நாளிலேயே கழற்றி பெட்டியில் வைத்துவிட்டு, இரும்பு டிஸ்க் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. இதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இரும்பு டிஸ்க் செட்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களே உள்ளன. அமெரிக்காவின் ஜைரோடிஸ்க் அவற்றில் ஒன்று.

கேட்டால் பின்னோக்கிப் போகிற வேலை போலத்தான் தெரியும். ஸ்மார்ட்போனைக் கொடுத்துவிட்டு பட்டன் போன் வாங்குவது மாதிரி. ஆனால் இப்படி மாற்றுபவர்களில் பெரும்பாலோர் காரைப் பற்றித் தெரியாதவர்கள் அல்ல. காரை மிக அதிகமாக, மிக வேகமாக ஓட்டுபவர்கள். அப்படியென்றால் அவர்கள் போடுகிற கணக்கு என்ன?

பிரேக்கின் வேலை நிறுத்துவது மட்டுமல்ல

கார் ஓடும்போது அதில் இருக்கும் ஆற்றல், பிரேக் மிதித்தவுடன் மறைந்து போவதில்லை. வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தை முதலில் வாங்கிக்கொள்வது சக்கரத்துக்குள் சுழலும் டிஸ்க்.

ஓட்டுநரோடு சேர்த்து சுமார் 1,500 கிலோ எடையுள்ள ஒரு ஜிடி3, ரேஸ் ட்ராக்கின் நேர்ப்பாதையில் மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் வந்து, வளைவுக்கு முன் 100 கி.மீ.க்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மிதியில் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 30 லட்சம் ஜூல். 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு. அதுவும் நான்கு விநாடிக்குள். காற்றின் எதிர்ப்பு ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், பெரும்பகுதி பிரேக்கின் தலையில்தான் விழும். இந்தக் காரின் இன்ஜின் திறன் 510 குதிரைத் திறன். அந்த நான்கு விநாடிகளில் வெளியேறும் ஆற்றலின் வேகம் அதைப்போல் இரண்டு மடங்கு.

சாலையில் இப்படி ஒரு மிதி எப்போதாவது நடக்கலாம், நடக்காமலே போகலாம். ட்ராக்கில் இது ஒவ்வொரு சுற்றிலும் பல முறை, இருபது முப்பது நிமிடம் விடாமல் நடக்கும். ஒரு மிதியில் ஏறிய சூடு இறங்குவதற்குள் அடுத்த மிதி. இரும்பா செராமிக்கா என்ற விவாதம் முழுக்க இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

செராமிக் என்றால் டீ கப் இல்லை

கார்பன் பிரேக்கின் பூர்வீகம் விமானம். கான்கார்டு விமானத்தில் பயன்பட்டது. 1976-ல் பிரபாம் ஃபார்முலா 1 அணிக்காக வடிவமைப்பாளர் கோர்டன் முர்ரே அதை ரேஸ் காருக்குக் கொண்டுவந்தார். ஆனால் அது சுத்த கார்பன். குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது. நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். காலையில் வீட்டிலிருந்து கிளம்பி முதல் சிக்னலில் நிற்க வேண்டிய காருக்கு அது ஒத்துவராது.

அதற்கான தீர்வுதான் கார்பன்-செராமிக். கார்பன் இழைகளைப் பிசினோடு சேர்த்து டிஸ்க் வடிவில் அழுத்தி, ஆக்சிஜன் இல்லாத உலையில் கரியாக்குவார்கள். பிறகு உருகிய சிலிக்கானை அதன் நுண்துளைகளுக்குள் இறங்க விடுவார்கள். சிலிக்கான் உருகவே 1,414 டிகிரி செல்சியஸ் வேண்டும். உள்ளே போன சிலிக்கான் கார்பனோடு வினைபுரிந்து சிலிக்கான் கார்பைடு ஆகிறது. உப்புத்தாளில் இருக்குமே, அந்தக் கடினமான பொருள். இத்தனை கட்டங்களைத் தாண்டி ஒரு டிஸ்க் வெளியே வர நாட்கணக்கில் ஆகும். விலைக்கு முதல் காரணம் இது.

2001-ல் போர்ஷே 911 ஜிடி2 காரில் இது வழக்கமான அம்சமாகவே வந்தது. மஞ்சள் நிற காலிப்பர்தான் அடையாளம். இன்று ஃபெராரியின் சாலைக் கார்களில் இரும்பு என்ற பேச்சே இல்லை. பிஎம்டபிள்யூ எம்3, எம்4, செவர்லே கொர்வெட் இசட்06 போன்றவற்றில் பணம் கட்டி வாங்கும் ஆப்ஷன்.

எதிர்ப்பக்கம் இருப்பது வார்ப்பிரும்பு. கார்க்காரர்கள் பேச்சுவழக்கில் 'ஸ்டீல் பிரேக்' என்பார்கள், கம்பெனி பிரசுரங்களிலும் சில நேரம் அப்படியே இருக்கும். உண்மையில் அது ஸ்டீல் இல்லை.

அப்ப செராமிக் சீக்கிரம் நிறுத்துமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அவசரத்தில் ஒருமுறை பிரேக்கை முழுசாக மிதித்தால், நல்ல இரும்பு டிஸ்க்கும் சரி, செராமிக்கும் சரி, ஏபிஎஸ் வேலை செய்யும் எல்லை வரை சக்கரத்தைப் பிடித்துவிடும். அதற்கு மேல் கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வது டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிமானம். 8 லட்சம் ரூபாய் பிரேக் போட்டுவிட்டு தேய்ந்த டயரில் ஓட்டினால் பிரயோஜனமில்லை.

செராமிக்கின் நிஜமான பலம் எடை. வார்ப்பிரும்பின் அடர்த்தி, இந்தப் பொருளைப்போல் சுமார் மூன்று மடங்கு. டிஸ்க்கைப் பெரிதாகச் செய்த பிறகும், இரும்பைவிடப் பாதி எடைதான் என்கிறது போர்ஷே. டிஸ்க் இருப்பது சஸ்பென்ஷனுக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இடத்தில். அங்கே குறையும் ஒவ்வொரு கிலோவும் ஸ்டீயரிங்கிலும், மேடுபள்ளத்தில் சக்கரம் சாலையைத் தொட்டுக்கொண்டே போவதிலும் தெரியும். இதை மறுக்க முடியாது. இரும்புக்கு மாறுபவர்கள் இழப்பதும் இதைத்தான்.

இன்னும் இரண்டு நன்மைகள் உண்டு. துருப் பிடிக்காது. கார் கழுவி மறுநாள் பார்த்தால் இரும்பு டிஸ்க் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், இதில் அது கிடையாது. அலாய் வீலில் படியும் கறுப்புத் தூசியும் மிகக் குறைவு. சாலையில் மட்டும் ஓட்டினால் டிஸ்க் பல ஆண்டுகள் உழைக்கும், பேட் மட்டும் மாற்றினால் போதும்.

ட்ராக்கில் கதை மாறுகிறது

கார்பன் என்பது கடைசியில் கரிதான். சூடும் காற்றும் சேர்ந்தால் கரி எரியும். சுமார் 400, 500 டிகிரிக்கு மேல் டிஸ்க்கில் இருக்கும் கார்பன் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகப் போகத் தொடங்கும். சிலிக்கான் கார்பைடு ஓரளவு காவல் காக்கும், முழுசாக இல்லை. ட்ராக்கில் டிஸ்க் 600 டிகிரியைத் தாண்டுவது சகஜம். எடை குறைவு என்பதால் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் கொள்ளளவும் குறைவு; அதே வேலைக்கு செராமிக் டிஸ்க் இரும்பைவிடச் சூடாகவே ஓடும். டிஸ்க்கைப் பெரிதாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். 991 ஜிடி3-ல் இரும்பு டிஸ்க்கின் விட்டம் நான்கு சக்கரத்திலும் 380 மி.மீ. செராமிக் என்றால் முன்னால் 410, பின்னால் 390.

இதில் வில்லங்கம் என்னவென்றால், இந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. இரும்பு டிஸ்க் தேய்ந்தால் தடிமன் குறையும். சாதாரண மைக்ரோமீட்டர் வைத்து வீட்டு வாசலிலேயே அளக்கலாம். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வெப்பத்தில் விரிசல் விட்டால் டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும், விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும். செராமிக் டிஸ்க்கில் உள்ளே கார்பன் எரிந்து போயிருந்தாலும் தடிமன் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே அதன் ஆயுளைக் கண்டுபிடிக்க கழற்றி, சுத்தம் செய்து, தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும்! குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று நடுப்பகுதியில் எழுதியிருக்கும். பிந்தைய தலைமுறை டிஸ்க்குகளுக்கு கார்போடெக் என்ற மின்னணுக் கருவி வந்துவிட்டது; கழற்றாமலே கார்பன் இழப்பை அளக்கும். ஆனால் அது எல்லார் கையிலும் இருக்கும் பொருள் அல்ல.

இன்னொரு பயம், உடைவது. டிஸ்க்கின் விளிம்பு அடிபட்டால் சில்லு பெயரும். டயர் மாற்றும்போது வீலைக் கொஞ்சம் சாய்த்து இடித்தாலே போதும். அதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் போல்ட் துளையில் நீளமான வழிகாட்டிக் கம்பியைத் திருகிக்கொண்டு அதன் மேல் வீலை நகர்த்துவார்கள். ட்ராக்கில் கார் வழுக்கி ஜல்லிப் படுகையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இவற்றையெல்லாம் தயாரிப்பாளர்கள் மறைக்கவில்லை. ரேஸ் ட்ராக்கில் ஓட்டினால் எவ்வளவு உறுதியான டிஸ்க், பேடின் ஆயுளும் வெகுவாகக் குறையலாம், ஒவ்வொரு ட்ராக் நாளுக்குப் பிறகும் நிபுணரிடம் காட்டி, தேவைப்பட்டால் மாற்றுங்கள் என்று போர்ஷேவின் பிரசுரங்களிலேயே அடிக்குறிப்பு இருக்கிறது. அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

புதுக் காரில் ஆப்ஷனாக எடுத்தால் 9,000 டாலர். அதே நான்கு டிஸ்க்குகளையும் பிறகு உதிரி பாகமாக வாங்கினால் 20,000 டாலரைத் தாண்டிவிடும். இது பலருக்கும் பில் கையில் வரும்போதுதான் உறைக்கிறது. இரும்பு டிஸ்க் என்றால் ஒன்றுக்கு சில நூறு டாலர் முதல் ஆயிரத்துச் சொச்சம் டாலர் வரை. மாதம் ஒருமுறை ட்ராக்குக்குப் போகிறவர் ஒரு வருடத்தில் இரண்டு செட் இரும்பு டிஸ்க்கைத் தேய்த்துத் தீர்த்தாலும், ஒரு செட் செராமிக்கின் விலையை எட்ட மாட்டார்.

ஆனா இது காசு விஷயம் மட்டும் இல்லை. டிஸ்க்கின் மீதான பயமே ஓட்டுவதைக் கெடுக்கிறது. ஒவ்வொரு மிதியிலும் மீட்டர் ஓடுவது போல் நினைத்துக்கொண்டு ஒருவர் ட்ராக்கில் ஓட்டினால், தாமதமாகவும் தயங்கியும் பிரேக் பிடிப்பார். அல்லது, மாற்ற வேண்டிய டிஸ்க்கை 'இன்னும் ஒரு தடவை' என்று தள்ளிப்போடுவார். இரண்டாவதுதான் ஆபத்து. மலிவான டிஸ்க்கை நேரத்துக்கு மாற்றுபவரின் கார், விலை உயர்ந்த டிஸ்க்கை மாற்ற மனம் வராதவரின் காரைவிடப் பாதுகாப்பானது.

ரேஸ் அணிகளைப் பாருங்கள். சாலையில் செராமிக் பிரேக்கோடு விற்கப்படும் அதே 911-ன் ரேஸ் வடிவமான ஜிடி3 கப் கார், இரும்பு டிஸ்க்கில்தான் ஓடுகிறது. லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் எல்எம்ஜிடி3 பிரிவிலும் அப்படியே. இரவு நேரப் படங்களில் சக்கரத்துக்குள் செக்கச்செவேல் என்று ஒளிருமே, அந்த டிஸ்க்குகள் இரும்பு. இதை வைத்து இரும்புதான் உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. செலவைக் கட்டுப்படுத்த விதியே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. ஃபார்முலா 1-ல் இன்றும் கார்பன்தான். ஆனால் 24 மணி நேரம் அடிவாங்கும் வேலைக்கு இரும்பு போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சும்மா கழற்றி மாட்டிவிடலாமா?

கூடாது. இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, செராமிக் டிஸ்க்கின் அதே விட்டம், அதே தடிமனில் இரும்பு டிஸ்க் வாங்கி, பழைய காலிப்பரையே பயன்படுத்துவது. நடுப்பகுதி அலுமினியம், உராயும் வளையம் மட்டும் இரும்பு என இரண்டு துண்டாகச் செய்திருப்பார்கள், எடையைக் குறைக்க. அப்படியும் 410 மி.மீ. இரும்பு கனமாகத்தான் இருக்கும். இரண்டாவது வழி, காலிப்பர், பிராக்கெட் எல்லாம் சேர்த்து முழு செட்டையும் மாற்றுவது.

எந்த வழி என்றாலும் பேடை மாற்றியே ஆக வேண்டும். செராமிக் டிஸ்க்குக்கான பேட் வேறு கலவை. அதை இரும்பில் போட்டு ஓட்டக் கூடாது. புதிய டிஸ்க்கையும் பேடையும் படிப்படியாகச் சூடேற்றிப் பழக்கும் 'பெட்டிங்' வேலையைச் செய்யாமல் நேரே ட்ராக்கில் இறக்குவதும் தப்பு.

அதைவிட முக்கியம் முன்-பின் சமநிலை. டிஸ்க்கின் விட்டம் குறைந்தால் அதே அழுத்தத்துக்குக் கிடைக்கும் பிடியும் குறையும். பணம் மிச்சம் என்று முன்னால் மட்டும் சிறிய இரும்பு டிஸ்க் போட்டால், பின் சக்கரங்கள் தங்கள் பங்குக்கு மேல் பிரேக் பிடிக்கும். அதிவேகத்தில் பின்பக்கம் முதலில் பிடி இழந்தால் கார் சுழலும். ஏபிஎஸ் இதை ஓரளவு சமாளிக்கும் என்றாலும், அந்த ஏபிஎஸ்ஸே தொழிற்சாலை அளவுகளுக்கு ஏற்ப அமைக்கப்பட்டதுதான்.

சட்டமும் குறுக்கே வரும். ஜெர்மனியில் அங்கீகாரம் இல்லாமல் பிரேக் பாகங்களை மாற்றினால், வாகனத்தின் சாலை அனுமதியே செல்லாமல் போய்விடும். நூர்பர்க்ரிங்கின் 20.8 கி.மீ. வடக்குச் சுற்றில் பொதுமக்கள் சொந்தக் காரில் ஓட்டும் நேரங்களில் சாலைப் போக்குவரத்து விதிகளே பொருந்தும் என்பதால், அங்கே போகிறவர்களுக்கு இது வெறும் காகித விவகாரம் அல்ல.

இன்னொன்று: டிஸ்க் எதுவாக இருந்தாலும் பிரேக் ஆயில் பழசாக இருந்தால் எல்லாம் வீண். டாட் 4 ஆயிலுக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் இழுத்த பிறகு அந்த அளவுகோலே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. டிஸ்க் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறவர்கள் இதை மறந்துவிடுவது உண்டு.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர் கவனிக்க வேண்டியது

இரும்பு மாட்டியவர்கள் பலர் செராமிக் செட்டைத் தூக்கிப் போடுவதில்லை. பத்திரமாக வைத்திருந்து, காரை விற்கும்போது திரும்ப மாட்டுகிறார்கள். வாங்குபவருக்கு ஒருவகையில் இது நல்லது. டிஸ்க் அதிகம் உழைக்காமல் இருக்கும். ஆனால் நேர்மாறாகவும் நடக்கலாம். மஞ்சள் காலிப்பர் அப்படியே இருக்க, உள்ளே இரும்பு டிஸ்க் இருக்கலாம். அல்லது செராமிக் டிஸ்க்கே இருந்தும், எடை எல்லையை நெருங்கியிருக்கலாம். 'பார்க்கப் புதுசு மாதிரி இருக்கு' என்பதற்கு இங்கே அர்த்தமே இல்லை. டிஸ்க்கின் எடை அல்லது கார்போடெக் அளவீடு எழுத்தில் இல்லாத காருக்கு, 20,000 டாலரை விலையில் கழித்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

வாரக்கடைசியில் மலைப்பாதையில் ஒரு சுற்று, மற்றபடி கராஜில் ஓய்வு என்கிற உரிமையாளருக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. அவர் செராமிக்கை விட்டுவிட்டு இரும்புக்குப் போவதில் அர்த்தமும் இல்லை. ரேஸ் தொழில்நுட்பம் என்று சொல்லி விற்கப்படும் இந்த பிரேக், ரேஸ் ட்ராக் பக்கமே போகாதவருக்குத்தான் மிகப் பொருத்தமாக இருக்கிறது. வேடிக்கைதான்.

அடுத்து வருவது தூசிச் சட்டம்

இந்த விவாதத்தில் இதுவரை இல்லாத ஒரு தரப்பு இப்போது உள்ளே வருகிறது: ஐரோப்பிய ஒன்றியம். புகைக்குழாயிலிருந்து வரும் மாசுக்கு மட்டுமே இருந்த வரம்பு, யூரோ 7 விதியில் முதல்முறையாக பிரேக் தூசிக்கும் வருகிறது. பெட்ரோல், டீசல், ஹைபிரிட் கார்கள் ஒரு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள்களை வெளியிடக் கூடாது. முழு மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம். புதிதாக அங்கீகாரம் பெறும் கார் மாடல்களுக்கு 2026 நவம்பர் 29 முதல், விற்கப்படும் எல்லாப் புதிய கார்களுக்கும் 2027 நவம்பர் 29 முதல் இது பொருந்தும். சோதனை ட்ராக்கில் நடக்காது. ஆய்வகத்தில், சாதாரணச் சாலை ஓட்டத்தைப் போலவே 192 கி.மீ. தூரத்துக்கு 303 முறை பிரேக் பிடித்து அளப்பார்கள்.

சாதாரண இரும்பு டிஸ்க்குக்கு இது நல்ல செய்தி அல்ல. விதி இரும்பைத் தடை செய்யவில்லை, ஆனால் அதிகம் தூசி கிளப்புவது அதுதான். அதற்காக எல்லாரும் செராமிக்குக்கு ஓட வேண்டியதில்லை, நடுவில் ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2017-ல் புதிய கேயேன் காருடன் போர்ஷே கொண்டுவந்த பிஎஸ்சிபி என்ற டிஸ்க், அடியில் அதே வார்ப்பிரும்புதான். மேலே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு டங்ஸ்டன் கார்பைடு பூச்சு. தூசி 90 சதவீதம் குறையும், டிஸ்க்கின் ஆயுள் 30 சதவீதம் வரை கூடும் என்கிறது நிறுவனம். விலை செராமிக்கைவிட வெகு குறைவு. ஓடிப் பழகியதும் டிஸ்க் கண்ணாடி போல் மின்னும். காலிப்பருக்கு வெள்ளை நிறம். தூசி படியாது என்ற தைரியம்.

ஜிடி3 பட்டியலில் மட்டும் இன்னும் அந்தப் பழைய இரண்டு வரிகளே இருக்கின்றன. சும்மா வரும் இரும்பு, காசு கொடுத்தால் செராமிக்.